எடுக்கக் கூடாத அழைப்பு

விடியற்காலை ஐந்து மணிக்கு என் கைபேசி இரண்டே முறை அடித்து நிற்கும். எடுக்கக் கூடாது. எடுத்தால் திட்டு விழும். நானும் அதே எண்ணுக்கு அடித்து, இரண்டு முறை ஒலித்ததும் வைத்துவிட வேண்டும். எழுந்தாயா என்பது கேள்வி, எழுந்துவிட்டேன் என்பது பதில். இரண்டு பக்கமும் ஒரு வார்த்தை கிடையாது. அதற்குப் பிறகு முகம் கழுவிச் செபம் சொல்வதோ, இழுத்துப் போர்த்திக்கொண்டு மறுபடி படுப்பதோ எனக்கும் ஆண்டவருக்கும் உள்ள விவகாரம்.

இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர், மந்தைவெளியில் நாங்கள் குடியிருந்தபோது பக்கத்து வீட்டில் இருந்த அக்கா. ஒரு கான்வென்ட் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று என் மனைவி ஒருமுறை கேட்டதற்கு, "யாரும் காலைல அஞ்சு மணிக்கு எழுந்துக்கிறேன்னு சொல்லலை" என்றார். விளையாட்டுக்குச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று இன்றுவரை தெரியவில்லை. அவர் முகத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் இருக்காது.

பழைய கட்டடம். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், அதுவும் பேருக்குத்தான். அவர் குக்கர் விசில் விட்டால் எங்கள் வீட்டில் அடுப்பை அணைப்போம். எனக்கு அடுத்த வீட்டு விஷயம் என்றால் காது கொஞ்சம் நீளும். ஒட்டுக்கேட்பது என்று நாலு பேர் சொன்னால் ஒத்துக்கொண்டுவிடுகிறேன். அந்தச் சுவர் இல்லாவிட்டால் அக்காவைப் பற்றி எனக்கு எழுத எதுவும் இருந்திருக்காது.

நான் அவரிடம் மாட்டிக்கொண்டதும் என் வாயால்தான். எங்கள் சர்ச்சைச் சேர்ந்த நாலைந்து தெருக் குடும்பங்கள் சேர்ந்து மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடிச் செபிப்போம். அந்தக் குழுவுக்கு அன்பியம் என்று பெயர். புது வருஷம் பிறந்த கையோடு கூடிய அன்பியத்தில், பாயசம் குடித்த தெம்பில், "இந்த வருஷத்துலேர்ந்து தினமும் விடியறதுக்கு முன்னாடி எழுந்து பைபிள் வாசிக்கப்போறேன்" என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். அக்கா மட்டும் கை தட்டாமல் என் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மறுநாள் ஐந்து மணிக்கு ஃபோன் அடித்தது.

தூக்கக் கலக்கத்தில் எடுத்துவிட்டேன்.

"எதுக்கு எடுத்த?" என்றார்.

"தெரியாம எடுத்துட்டேன்க்கா."

"நான் பேச ஆரம்பிச்சா உபதேசம் வந்துடும். காலங்காத்தால உபதேசம் கேக்கறது எனக்கே பிடிக்காது. வை."

அவ்வளவுதான். எழுந்து உட்கார்ந்தேன். அவமானத்தில் பைபிளையும் எடுத்தேன். அன்றைக்கு என்ன வாசித்தேன் என்று நினைவில்லை, வாசித்தேன் என்பது நினைவிருக்கிறது.

எங்கள் அன்பியத்தில் பாதிப் பேருக்கு அக்காவின் மணி உண்டு. ரோஜாப் பூவும் உதிக்கிற சூரியனும் போட்டு, அடியில் ஒரு வசனம் எழுதி அனுப்புகிறவர்கள் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் நிறைய. அக்கா ஒன்றுகூட அனுப்பியதில்லை. "சூரியன் படம் அனுப்பினவன் எழுந்து அனுப்பினானா, படுத்துக்கிட்டே அனுப்பினானா, அதைச் சொல்லு" என்பார். வந்ததில் எது நல்ல வசனம் என்று யாராவது கேட்டால், "நேத்து வந்ததையே இன்னும் செய்யலை, இன்னிக்குப் புதுசு எதுக்கு?" என்பார்.

அவருடைய செபம் எப்படி இருக்கும் என்று எனக்கு ஆவலாக இருந்தது. கண்ணீர் விடுவாரோ, கையைத் தூக்குவாரோ என்றெல்லாம் யோசித்ததுண்டு. பங்குனி மாதத்து ஒரு காலையில் சர்க்கரை கேட்கப் போன என் மனைவி பார்த்துவிட்டு வந்து சொன்னாள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, சுவரோரமாக நின்றுகொண்டு, வியர்வை வழிய வழிய முணுமுணுத்துக்கொண்டிருந்தாராம். உட்கார்ந்தால் தூக்கம் வருமாம், காற்று வந்தால் சுகம் வருமாம். "பாவம், ஏதோ ரேஷன் கடை வரிசையில நிக்கிற மாதிரி நிக்கிறாங்க" என்றாள் என் மனைவி.

நானே ஒருநாள் கேட்டேன். "செபத்துல உங்களுக்குச் சந்தோஷம் வருமாக்கா?"

"எப்பவாவது."

"மத்த நாள்ல?"

"பல்லு விளக்கறதுல உனக்குச் சந்தோஷம் வருதா?"

"இல்லை."

"ஆனா விளக்கறல்ல? விளக்காம விட்டா யாருக்குக் கஷ்டம்? பக்கத்துல நிக்கிறவனுக்கு. செபமும் அப்படித்தான்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "மனசு வரலைன்னா வாயாவது வரட்டும். மனசு பின்னாடியே வந்து சேரும், எங்க போயிடப் போவுது" என்றார்.

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் வந்தால் எங்கள் வீடுகளில் கறி மீன் நிற்கும். நானும் பெருமையாக மீனை விட்டேன் என்று சொன்னேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "மீன் உன்னை என்ன பண்ணுச்சு? உன் சித்தப்பாவோட ஃபோன்ல அரசியல் சண்டை போடறியே, அதை விடு. மீனைச் சாப்பிடு." சுவருக்கு அந்தப் பக்கமும் காது உண்டு என்று அன்றைக்குத்தான் புரிந்தது. சித்தப்பாவோடு சண்டை போடாமல் அந்தத் தவக்காலம் முழுவதும் இருந்தது, நாற்பது நாள் பட்டினி கிடப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

இத்தனை பேர் தூக்கத்தில் இந்த மனுஷிக்கு என்ன அப்படி அக்கறை? அதற்கு விடை ஒரு கிறிஸ்துமஸ் சமயம் கிடைத்தது. எங்கள் வீட்டில் அன்பியம். செபம் முடிந்ததும், ஆண்டவர் தனக்குச் செய்ததைப் பற்றி யாருக்காவது சாட்சி சொல்ல வேண்டுமா என்று அன்பியத் தலைவர் கேட்டார். அவர் வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எப்போதும் கேட்பார், எப்போதும் நாலு பேர் எழுந்திருப்பார்கள். அக்கா எழுந்ததே இல்லை. அன்றைக்கு எழுந்தார்.

அவருக்கு ஒரு தம்பி. கொட்டிவாக்கத்தில் இருக்கிறார். வண்டி ஓட்டுகிறவர், குடிக்கிறவர். அம்மா இறந்த முப்பதாம் நாள் பூசைக்கு, கோயிலுக்கே தள்ளாடிக்கொண்டு வந்தார். அக்கா வாசலிலேயே மறித்து, "தெளிஞ்சு வா" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அதோடு பேச்சு நின்றது. ஆனால் மறுநாள் விடியலில் அக்கா தம்பியின் எண்ணுக்கு இரண்டு மணி அடித்து வைத்தார். எதற்கென்று அவருக்கே தெரியாதாம். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து இரண்டு மணி வந்தது. அன்றிலிருந்து தினமும்.

"அஞ்சு மணிக்கு எழுந்துக்கிறவன் ராத்திரி குடிச்சிருக்க மாட்டான். அது போதும்னு இருந்தேன்" என்றார் அக்கா. "இந்த வருஷம் வெயில் காலத்துல திடீர்னு பதில் நின்னுபோச்சு. ஃபோன் அடிக்கவே இல்லை, என்னமோ அம்மா ஒருத்தி உபயோகத்தில் இல்லைன்னு சொன்னா. நான் விடலை. நின்னுபோன நம்பருக்கு தினமும் அடிச்சேன். மாசக்கணக்குல அடிச்சேன். போன வாரம் அந்தப் பக்கம் மணி போச்சு. பதிலும் வந்தது. விடாம இருந்தா ஆண்டவர் விடமாட்டார். அவ்வளவுதான் சாட்சி."

உட்கார்ந்துவிட்டார். அவர் கண் கலங்கவில்லை, எங்களுக்குக் கலங்கியது. தலைவர் மூக்கைச் சிந்தினார். பெசன்ட் நகர் மாதா கோயிலில் அக்கா மெழுகுவர்த்தி ஏற்றப் போனபோது நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடவே போனோம். அதற்குப் பிறகு எங்கள் அன்பியத்தில் யார் மனசு விட்டாலும், மகனுக்கு வேலை கிடைக்கவில்லை, மகள் பேசமாட்டேன் என்கிறாள் என்று யார் அழுதாலும், "அக்கா மாதிரி விடாம அடி" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது.

என் மனைவி மட்டும் சமாதானமாகவில்லை. அவள் எதையும் நேராகக் கேட்கிற ரகம். "கொட்டிவாக்கம் என்ன அமெரிக்காவாக்கா? அடையாறு தாண்டினா வந்துடும். ஒரு எட்டு போய்ப் பார்த்தா என்ன?" என்றாள்.

"தெளிஞ்சு வான்னு சொல்லியிருக்கேன். அவன்தான் வரணும். நான் போனா அந்த வார்த்தைக்கு மதிப்பில்லை."

"ஒரு வார்த்தை பேசவாவது செய்யலாமே?"

"பேசினா உபதேசம் வந்துடும். உபதேசம் பண்ணித்தான் அவனைக் கெடுத்தேன். மணி போதும்."

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி, "பிடிவாதத்துக்கு ஜெபமாலை போட்டா அது பக்தி ஆயிடுமா?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் தினமும் பதில் வந்துகொண்டிருந்தது. பலிக்கிற வழக்கத்தை யார் குறை சொல்ல முடியும்?

இரண்டு வருஷம் போல இப்படி ஓடியது. பிறகு ஒரு தவக்காலத்தில் பதில் நின்றது. முதல் நாள் அக்கா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் சுவருக்கு அந்தப் பக்கம் நடக்கிற சத்தம் கேட்டது. ஒரு வாரம் ஆன காலையில் கையில் ஃபோனோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். புடவை கசங்கியிருந்தது. அவரைக் கசங்கிய புடவையில் அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"மணி போவுது. பதில் இல்லை. நீ இதுலேர்ந்தே அடிச்சுப் பாரு. யாராவது எடுத்தா பேசு."

"எடுத்தா பேசலாமாக்கா?"

"பேசு" என்றார். அந்த ஒரு சொல் சொல்ல அவருக்கு நேரம் பிடித்தது.

அடித்தேன். அக்காவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். நீளமாக ஒலித்து, கடைசியில் ஒரு பெண் குரல் எடுத்தது.

"அலோ, அஞ்சு மணியா? இன்னாபா, ஆம்பள கொரலா கீது?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அக்கா என் கையிலிருந்து ஃபோனைப் பிடுங்கிக்கொண்டார். "என் தம்பிகிட்ட குடும்மா" என்றார்.

"தம்பியா? எந்தத் தம்பி? இது என் ஃபோனு யக்கா. மாம்பலம் டேசனாண்ட இட்லி கடை போட்டுக்கினு கீறேன். நீதான் தெனம் அடிக்கிற அஞ்சு மணியா? உன் பேர் தெரியாதா, அஞ்சு மணின்னே போட்டு வெச்சுக்கீறேன்."

அக்கா ஃபோனை என் பக்கம் நீட்டினார். நான் கேட்டேன், "இந்த நம்பர் எப்பலேர்ந்தும்மா உங்ககிட்ட இருக்கு?"

"ரெண்டு வருசம் இருக்கும். கிறிஸ்மசுக்குக் கொஞ்சம் முன்னாடி எம் புள்ள புது சிம்மு வாங்கிக் குட்த்தான். மொத நாளே நீங்க அடிச்சீங்கோ. எவன்டா இது விடியங்காட்டின்னு கடுப்பாத்தான் இருந்துச்சு. அப்பால பாத்தா, அட, அலாரம் மாரி கீதே. அந்தாண்டையும் என்ன மாரி கடக்காரி எவளோ ஒண்டியா எழுந்துக்க முடியாம தொணை தேடறா போலன்னு நெனச்சேன். எழுந்துட்டேன்டியம்மான்னு நானும் ரெண்டு மணி உட்டேன்."

"ஒரு வாரமா ஏன் அடிக்கலை?" இது அக்கா.

"சாம்பார் குண்டான் கால்ல சாஞ்சுடுச்சு. ஆஸ்பத்திரில படுத்துக்கினு இருந்தேன், ஃபோனு வூட்ல கெடந்துச்சு. நேத்து ராத்திரிதான் வந்தேன், மாத்திர போட்டுக்கினு காலைல தூங்கிட்டேன். நீ பயந்துட்டியா?"

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். மாதக் கணக்கில் பணம் போடாமல் விட்ட எண்ணை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். தெரிந்திருந்தும், மாதக் கணக்கில் செத்துக் கிடந்த எண் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் உயிர்த்தெழுந்தபோது ஒருவருக்கும் அது தோன்றவில்லை. அன்பியத்தில் ஒரு வங்கி மேலாளரே இருந்தார், அவர் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

அது தம்பியின் பழைய எண் என்று அந்த அம்மாவிடம் நான் சொன்னேன். "அய்ய, அப்ப நாளைலேர்ந்து அடிக்க மாட்டியாக்கா?" என்றார். நிஜமான கவலை அந்தக் குரலில் இருந்தது.

அக்கா கண்ணை மூடித் திறந்தார். "நீ எத்தனை மணிக்கு எழுந்துக்கணும்?"

"நாலரைக்கு எழுந்தா நல்லாருக்கும். அஞ்சு கொஞ்சம் லேட்டுதான். உன்ன எப்டிக் கேக்கறதுன்னு உட்டுட்டேன்."

"கால் ஆறட்டும். அப்புறம் நாலரைக்கு அடிக்கிறேன்" என்று சொல்லி வைத்தார். வாக்குக் கொடுத்தபடியே பிறகு அடித்தார், அதற்காகத் தானும் நாலரைக்கு எழுந்தார். ஆனால் அந்தக் காலையில் அவர் முகத்தைப் பார்த்தபோது நான் நினைத்தது ஒன்றே ஒன்றுதான். தம்பி எங்கே?

நானும் அக்காவும் கொட்டிவாக்கத்துக்குப் பஸ்ஸில் போனோம். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார், கையில் ஜெபமாலை, உருட்டவில்லை. திருவான்மியூர் தாண்டியதும் என் பக்கம் திரும்பாமலே கேட்டார். "இருப்பானா?"

"இருப்பாருக்கா" என்றேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

தெருப் பெயர் மட்டும்தான் தெரியும். ஒரு மளிகைக் கடையில் கேட்டோம், கடற்கரைப் பக்கம் ஒரு தண்ணீர் கேன் கிடங்கைக் காட்டினார்கள். நாங்கள் போனபோது ஒரு ஆள் தோளில் கேனைத் தூக்கிக் குட்டி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார். அக்காவின் உயரம், அக்காவின் முதுகு. திரும்பிப் பார்த்தார். கேனை இறக்கி வைத்தார்.

"அக்கா" என்றார்.

அக்கா பக்கத்தில் போய் நின்றார். மூச்சை இழுத்தார். வாடை பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது, தம்பிக்கும் தெரிந்தது.

"இன்னிக்கு இல்லக்கா" என்றார் தம்பி.

"ஃபோன் என்ன ஆச்சு?"

"வித்துட்டேன்."

"எதுக்கு?"

"எதுக்கு விப்பாங்க? குடிக்கத்தான். உன் நம்பரும் அதோட போச்சு. எனக்கு எந்த நம்பர் மனப்பாடம்?"

"நேர்ல வந்திருக்கலாமேடா."

தம்பி தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "தெளிஞ்சு வான்னு சொன்ன. ஒரு மாசம் தெளிவா இருப்பேன், ஒரு நாள் விழுந்துடுவேன். மறுபடி எழுந்துப்பேன். இப்படி இருக்கிறவன் தெளிஞ்சவனா இல்லையா? வரலாமா கூடாதா? எனக்குத் தெரியலைக்கா. மந்தைவெளி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ரெண்டு தடவை வந்துட்டுத் திரும்பிட்டேன்."

எதற்கும் ஒரு வாசகம் வைத்திருக்கிற அக்கா. பல் விளக்குவதும் மீன் சாப்பிடுவதும் செபத்துக்கு எடுத்துக்காட்டாக வந்துவிடும் அவர் வாயில். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை.

"உங்கிட்டேர்ந்து பதில் வந்துக்கிட்டு இருந்ததேடா" என்றார் கடைசியில், சின்னப் பிள்ளை முறையிடுவதுபோல.

"நான் எங்க அடிச்சேன்? யார் அடிச்சது?"

"மாம்பலத்துல ஒரு இட்லி கடைக்காரம்மா."

தம்பி முதலில் புரியாமல் பார்த்தார். நான் விளக்கினேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் கேன்மேல் உட்கார்ந்து அழுதார். அக்கா அவர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். சற்றுக் கழித்து, "இட்லி நல்லா இருக்குமா?" என்று தம்பி கேட்டார். "தெரியாது, சாப்பிட்டதில்லை" என்றார் அக்கா.

கிளம்பும்போது அக்கா அவருடைய புது எண்ணைக் கேட்டார். தம்பி சொல்லிவிட்டு, "மிஸ்டு கால் வேணாம்க்கா. அடிச்சா நான் எடுப்பேன்" என்றார்.

"எடுத்தா என்ன பேசறது?" நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

"எதாவது பேசு."

அடுத்த அன்பியம் தலைவர் வீட்டில். அக்கா வரமாட்டார் என்று நினைத்தேன். முதல் ஆளாக வந்திருந்தார். சாட்சி நேரம் வந்தது, எழுந்தார். "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நான் சொன்ன சாட்சி தப்பு. பதில் குடுத்தது என் தம்பி இல்லை" என்று ஆரம்பித்து இட்லி கடை, கிடங்கு எல்லாவற்றையும் சொன்னார். "நான் மணி அடிச்சேன். கதவைத் தட்டலை. மணி அடிக்கிறது சுலபம், போய் நிக்கிறதுதான் கஷ்டம். கஷ்டமானதைச் செய்யறேன்னு நினைச்சுக்கிட்டு சுலபமானதைச் செஞ்சிருக்கேன். என்னைப் பாத்து யாராவது அப்படி இருந்தா, விட்டுடுங்க."

தலைவருக்கு மனசு கேட்கவில்லை. "அப்படிச் சொல்லாதீங்க. அந்த இட்லி அம்மாவை எழுப்பறதுக்கு ஆண்டவர் உங்களைப் பயன்படுத்தியிருக்கார் பாருங்க" என்றார்.

"அதை ஆண்டவர் சொல்லட்டும் சார். நான் சொன்னா அது சாக்கு" என்று சொல்லி உட்கார்ந்தார்.

மகளோடு பேச்சில்லாமல் இருந்த ஒரு அம்மா அன்றைக்குச் செபம் முடியுமுன்பே எழுந்து வாசலுக்குப் போய் யாருக்கோ ஃபோன் செய்தார். அக்காவின் எத்தனையோ வாசகங்கள் செய்யாததை, அவர் தோற்றதைச் சொன்னது செய்தது. இது என் எண்ணம். அக்காவிடம் சொன்னால் சண்டைக்கு வருவார்.

எங்களுக்கு ஐந்து மணி அடிப்பது மட்டும் நிற்கவில்லை. எங்களுக்கெல்லாம் அடித்து முடித்த பிறகு தம்பிக்கு அடிப்பார், அவர் எடுப்பார். முதல் நாள் நான் சுவரோரமாக உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டேன். இத்தனை வருஷம் அடக்கி வைத்த உபதேசம் வெள்ளமாக வரும் என்று எதிர்பார்த்தேன்.

"எழுந்துட்டியா?... ம்... சாப்பிட்டியா?" என்று கேட்டது.

விடியற்காலை ஐந்து மணிக்கு. பிறகு வெகுநேரம் மௌனம். "நீயே எதாவது சொல்லு" என்றார். மறுபடி மௌனம். வைக்கவும் இல்லை. என் மனைவி போர்வைக்குள் சிரித்தாள். ஒரு வாரத்தில் தண்ணீர் கேன் விலை, முட்டி வலி, பழைய வீட்டு வேப்பமரம் என்று பேச்சு வளர்ந்தது. உபதேசம் மட்டும் வரவே இல்லை.

ஈஸ்டர் முடிந்து சில வாரங்கள் இருக்கும். ஐந்து மணிக்கு முன்பே எனக்கு விழிப்பு வந்துவிட்டது. மணிக்காகக் காத்துக்கொண்டு படுத்திருந்தேன். மணி வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவின் குரல் கேட்டது. அன்றைக்குத் தம்பியே கூப்பிட்டிருக்கிறார் போலும்.

"எப்போ?... ராத்திரி பூராவா?... சரி." சாவி எடுக்கிற சத்தம் கேட்டது. "அழாத. எங்க இருக்க இப்ப?... இல்லடா. தெளிய வேணாம். அப்படியே வா. பஸ்ஸுல வராத, விழுந்து வைப்ப. ஆட்டோக்காரர்கிட்ட ஃபோனைக் குடு, நான் வழி சொல்றேன்... ஆங், நான் கீழயே நிக்கிறேன்."

கதவு திறந்தது. படியில் செருப்புச் சத்தம் இறங்கியது. ஃபோனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஏனென்றால் கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் மணி அடித்தது. இரண்டு முறை அடித்து நின்றது. மறுபடி இரண்டு, மறுபடி இரண்டு. ஐந்து மணி வராமல் போன முதல் நாள், எங்கள் அன்பியத்தில் அவர் எழுப்புகிற அத்தனை பேரும் எழுந்துகொண்டு அவரை எழுப்பிக்கொண்டிருந்தார்கள்.

நான் பால்கனிக்குப் போனேன். அக்கா கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றிருந்தார். ஆட்டோ வந்தது. தம்பி இறங்க முடியாமல் சீட்டிலேயே சரிந்து கிடந்தார். அக்கா உள்ளே கைவிட்டு அவர் தோளைப் பிடித்து இழுத்தார். நல்ல உயரம், நல்ல கனம். தனியாக ஆகாது என்று இங்கிருந்தே தெரிந்தது.

அக்கா நிமிர்ந்து மேலே பார்த்தார். நான் நிற்பேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"எழுந்தாச்சா?" என்று கேட்டார்.

"எழுந்துட்டேன்க்கா."

"அப்ப இறங்கி வா. ஒரு கை பிடி."